நியாயத்தீர்ப்பு தேவனுடையது: நீதிபதியின் கடமையும் எல்லையும் வேதாகமத்தில்

கேட்கப்பட்டவை மூன்று. நீதியை நிலைநாட்டுவதில் நீதிபதிக்கு வேதாகமம் கொடுக்கும் இடம் என்ன? "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று இயேசு சொல்லியிருக்க, விசுவாசி ஒருவர் நீதிபதியாக உட்காரலாமா? சபைக்குள் வழக்கு எழுந்தால் மூப்பர்கள் எப்படி விசாரிக்க வேண்டும்?

மூன்றுக்கும் அச்சாணி உபாகமம் 1:17-ல் இருக்கிறது. பெரியவனுக்குச் செவிகொடுப்பதுபோலவே சிறியவனுக்கும் செவிகொடுங்கள், மனிதன் முகத்துக்குப் பயப்படாதிருங்கள் என்று நியாயாதிபதிகளுக்குக் கட்டளையிட்ட மோசே, அதற்கான காரணத்தை இரண்டே சொல்லில் வைக்கிறார்: "நியாயத்தீர்ப்பு தேவனுடையது." அப்படியானால் தீர்ப்பு நீதிபதியின் சொத்தாக இருக்க முடியாது. அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் காசுக்கு விற்க முடியாது, பயந்து விட்டுக்கொடுக்க முடியாது, இரக்கப்பட்டுத் தானம் செய்யவும் முடியாது. நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், நீதிபதிக்குப் போடும் கட்டுகள் அத்தனையும் இந்த வேரிலிருந்து வருபவைதான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். "வேதத்தில் நீதிபதிகள்" என்றதும் பலர் நியாயாதிபதிகள் ஆகமத்தைத்தான் திறக்கிறார்கள். 'ஷோபேத்' என்ற எபிரெயச் சொல்லுக்கு வழக்கைத் தீர்ப்பவர் என்றும் பொருள் உண்டு, ஆளுகிறவர், மீட்கிறவர் என்றும் பொருள் உண்டு. கத்தோலிக்க மொழிபெயர்ப்பு அந்த நூலை 'நீதித்தலைவர்கள்' என்று அழைப்பது இதனால்தான். அதில் வரும் பன்னிரண்டு பேரில் ஏகூத், கிதியோன், சிம்சோன் போன்றவர்கள் போரிட்டு மீட்டவர்கள். அவர்கள் ஒரு வழக்கை விசாரித்த காட்சி எதுவும் அங்கே இல்லை. மக்கள் நியாய விசாரணைக்குத் தேடிப் போனதாகத் தெளிவாகச் சொல்லப்படுவது தெபொராளைப் பற்றித்தான்: எப்பிராயீம் மலைத்தேசத்தில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே, ஒரு பேரீச்ச மரத்தின் கீழ். அவருக்குப் பின் சாமுவேல் ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிவந்து நியாயம் விசாரித்துவிட்டு, வீடிருந்த ராமாவுக்குத் திரும்பி அங்கேயும் விசாரித்தார். நீதிபதியின் கடமையைச் சட்டமாகப் படிக்க வேண்டுமென்றால் யாத்திராகமம் 18, 23 அதிகாரங்களையும் உபாகமம் 16 முதல் 25 வரையும் திறக்க வேண்டும்.

யாத்திராகமம் 18-ல் மோசே காலைமுதல் சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார். ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். மாமனார் எத்திரோ இதைப் பார்த்துவிட்டு, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். மோசேயின் நேர்மையில் அவர் குறை காணவில்லை. நல்ல நீதிபதி ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் காத்திருப்பவனுக்கு அநியாயம் நடக்கிறது என்பதுதான் அவருடைய கவலை. ஆகவே ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு என்று அதிபதிகளை வைத்து, பெரிய காரியங்கள் மட்டும் மேலே வரட்டும் என்றார். யூத ரபிமாரின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் இதைக் கணக்குப் போட்டே பார்க்கிறது: ஆறு லட்சம் ஆண்களுக்கு 600, 6,000, 12,000, 60,000 என்று மொத்தம் 78,600 பேர். அந்தக் கணக்கின்படி ஏறக்குறைய எட்டு ஆண்களுக்கு ஒருவர் நியாயம் கேட்கும் பொறுப்பில் இருந்திருப்பார்.

தகுதிகள் நான்கு: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுத்தல். இவற்றில் திறமையைச் சபைகள் எளிதில் விட்டுவிடுகின்றன. பக்தியுள்ளவர் என்பதாலேயே ஒருவருக்கு வழக்கைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிடாது. பொருளாசையைப் பற்றிய சொல்லையும் கவனியுங்கள். பரிதானம் (லஞ்சம்) வாங்காதவன் என்று மட்டும் சொல்லாமல், பணத்தாசையையே வெறுக்கிறவன் என்கிறது வசனம். சாமுவேலின் குமாரர் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்தார்கள். பொருளாசைக்குச் சாய்ந்தது முதலில், பரிதானம் வாங்கியது அடுத்து, நியாயத்தைப் புரட்டியது கடைசியில் என்று 1 சாமுவேல் 8:3 அவர்கள் விழுந்த படிகளை வரிசையாகவே சொல்கிறது. தகப்பனோ வயதான காலத்தில் ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் வாங்கிக்கொண்டு கண்சாடையாயிருந்தேன், சாட்சி சொல்லுங்கள் என்று சவால் விட்டவர். பதவியை விட்டு இறங்கும்போது தன் கணக்கைத் தானே திறந்து காட்டிய நீதிபதி அவர்.

வழக்கு நடந்த இடம் பட்டணத்தின் ஒலிமுகவாசல், அதாவது மதிலின் நுழைவாயில். வயலுக்குப் போகிறவனும் சந்தைக்கு வருகிறவனும் கடந்தே தீரவேண்டிய இடம் அது. பழைய இஸ்ரவேல் பட்டணமான கேசேரில் அகழ்ந்தெடுத்த வாசல் அறைகளில் சுவரோடு ஒட்டிய கல் இருக்கைகள் இருக்கின்றன. போவாஸ் ரூத்தின் காரியத்தை முடிக்கப் பத்து மூப்பர்களை உட்காரவைத்தது பெத்லெகேமின் வாசலில்தான். விசாரணை எல்லார் கண்முன்னும் நடந்தது. ஆமோஸ் தன் காலத்து ஆட்களைக் கடிந்துகொள்ளும்போது, வாசலில் ஏழைகளின் நியாயத்தைப் புரட்டுகிறார்கள் என்று இடத்தைக் குறிப்பிட்டே சொல்வதற்கு இந்தப் பழக்கம் பின்னணி.

விசாரணையின் முதல் விதி இருதரப்பையும் கேட்பது. நீதிமொழிகள் 18:17 சொல்கிறது: தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போலக் காணப்படுவான், பிறகு அயலான் வந்து அவனைப் பரிசோதிப்பான். இந்த விதி மீறப்பட்டதற்குத் தாவீதே உதாரணம். கலகம் செய்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடும் வழியில் சீபா என்ற வேலைக்காரன் வந்து, தன் எஜமானும் சவுலின் பேரனுமான மேவிபோசேத் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டான் என்று கோள் சொல்கிறான். கூடவே அப்பமும் பழமும் திராட்சரசமும் கொண்டுவந்திருக்கிறான். மேவிபோசேத்தை ஒரு வார்த்தை கேட்காமல், அவனுக்குரியதெல்லாம் உனக்கு என்று தாவீது அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். திரும்பி வந்தபோது, கால் முடமான அந்த மனிதன் தாடியைச் சீர்ப்படுத்தாமல், துணி வெளுக்காமல் எதிரே வந்து, வேலைக்காரன் என்னை ஏமாற்றினான் என்கிறான். முதல் தீர்ப்பை நீக்க மனமில்லாமல், நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று தாவீது முடித்துவிடுகிறார். ஒருவன் பொய் சொல்லியிருந்தால் அவனுக்குப் பாதி எப்படிச் சேரும்? ஒருதலையாகக் கேட்டுச் சொன்ன தீர்ப்பைப் பின்னால் பாதிப் பாதியாக்கிச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது விதி சாட்சி. எந்தக் குற்றமானாலும் ஒரே சாட்சியை வைத்துத் தீர்க்கக்கூடாது. இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும் (உபாகமம் 19:15). மரண தண்டனை என்றால் சாட்சி சொன்னவனுடைய கைதான் முதலில் கல்லெறிய வேண்டும். பொய்ச்சாட்சி என்று தெரிந்தால், அவன் பிறனுக்குச் செய்ய நினைத்ததை அவனுக்கே செய்ய வேண்டும். அதற்கு நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்றும் அதே பகுதி சொல்கிறது. சாட்சிகளை எண்ணினால் போதாது, சோதிக்கவும் வேண்டும். கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் 13-ல் வரும் சூசன்னாவின் கதை இதற்குக் கச்சிதமான பாடம். இரண்டு முதியவர்கள், அதுவும் நீதிபதிகள், அவள்மேல் ஒரே குற்றத்தைச் சொல்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, தண்டனையும் விதிக்கப்பட்டுவிட்டது. தானியேல் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் பார்த்தாய் என்று தனித்தனியே கேட்கிறார். இருவரும் வேறு வேறு மரத்தைச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு சாட்சி விதியைக் கேடயமாகப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஒரு பெண் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும்போது, "பார்த்தவர்கள் யார்?" என்று கேட்டு வாயை அடைப்பதற்கு உபாகமம் 19-ஐத் தூக்குகிறார்கள். அவர்கள் உபாகமம் 22:25-27-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். வயல்வெளியில் பலவந்தம் நடந்தது. அவள் கூப்பிட்டும் காப்பாற்ற ஒருவரும் இல்லை. சாட்சியே இருக்க முடியாத சூழல் என்பதை நியாயப்பிரமாணமே எடுத்துச் சொல்லி, அவள்மேல் குற்றமில்லை என்கிறது; ஒருவன் பிறன்மேல் எழும்பி அவனைக் கொன்றதற்கு இது ஒப்பானது என்கிறது. நிரபராதியைக் காக்க வந்த விதியைப் பாதிக்கப்பட்டவளுக்கு எதிராகத் திருப்புவதும் நியாயத்தைப் புரட்டுவதுதான்.

நீதிபதியை இழுக்கும் கயிறுகளில் பரிதானம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் உபாகமம் 16:19-ல் ஒரு சொல் கண்ணில் படாமல் போகிறது: பரிதானம் 'ஞானிகளின்' கண்களைக் குருடாக்கும். கெட்டவனைக் கெடுக்கும் என்று எழுதியிருந்தால் நல்லவர்கள் தங்களுக்கில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வாங்கிக்கொண்டாலும் நான் நடுநிலை தவறமாட்டேன் என்று நம்புகிற விவேகியைத்தான் வசனம் எச்சரிக்கிறது.

பயம் அடுத்த கயிறு. பெரியவனுக்குப் பயப்படுவது ஒருவிதம். கூட்டத்துக்குப் பயப்படுவது இன்னொருவிதம். யாத்திராகமம் 23:2 கூட்டத்தைப் பற்றியது: தீமைசெய்யத் திரளானபேர்களைப் பின்பற்றாதே, அவர்கள் பக்கம் சாய்ந்து நியாயத்தைப் புரட்டாதே.

மூன்றாவது கயிறு இரக்கம். பிரசங்கங்களில் நான் மிகக் குறைவாகக் கேட்பது இதைத்தான். யாத்திராகமம் 23:3, வியாச்சியத்தில் (வழக்கில்) தரித்திரனுடைய முகத்தைப் பாராதே என்கிறது. மூன்று வசனம் தள்ளி 23:6, எளியவனுடைய நியாயத்தைப் புரட்டாதே என்கிறது. லேவியராகமம் 19:15 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஏழைகளின் பக்கம் இவ்வளவு உறுதியாக நிற்கிற வேதம் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? தீர்ப்பு தானமாகிவிட்டால், நாளைக்குப் பணக்காரனும் அதையே தானமாகக் கேட்பான். அவனிடம் திருப்பிக் கொடுக்க நிறைய இருக்கும். ஏழையின் பசிக்கு நியாயப்பிரமாணம் வேறு வழி வைத்திருக்கிறது: வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் விடுவது, சிந்தின கதிரைப் பொறுக்க விடுவது, ஏழாம் வருஷத்தில் கடனை விடுதலை செய்வது, அடகுவாங்கின வஸ்திரத்தைப் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடுப்பது. வாசலில் அவனுக்குத் தேவை பணக்காரனுக்குக் கொடுத்த அதே காது. சங்கீதம் 82-ம், ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயஞ்செய்யுங்கள் என்று கேட்கும்போது அவர்களுக்கு உரியதைத்தான் கேட்கிறது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதும் நீதிபதியின் கடமை. உள்ளூர் வாசலில் தீர்க்கமுடியாத வழக்கை, கர்த்தர் தெரிந்துகொண்ட ஸ்தலத்திலிருக்கும் ஆசாரியரிடமும் நியாயாதிபதியிடமும் கொண்டுபோக உபாகமம் 17:8 சொல்கிறது. செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மகன் இல்லாததால் எங்கள் தகப்பன் பெயர் அற்றுப்போகலாமா என்று ஆசரிப்புக் கூடார வாசலில் நின்று கேட்டபோது மோசேயிடம் பதில் இல்லை. அவர்களுடைய நியாயத்தை அவர் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்று வந்தது. இஸ்ரவேலின் சுதந்தரச் சட்டமே அதன்பின் விரிந்தது.

தண்டனைக்கும் எல்லை உண்டு. அடி நாற்பதுக்கு மேல் போகக்கூடாது, நியாயாதிபதி கண்முன்னே எண்ணி அடிக்க வேண்டும். மிஞ்சினால் உன் சகோதரன் உன் கண்ணுக்கு நீசனாகத் தோன்றுவான் என்று காரணமும் தரப்பட்டிருக்கிறது. தண்டிக்கப்பட்டவனும் சகோதரனாகவே இருக்கிறான். எண்ணிக்கை தவறிவிடக்கூடாதென்று பிற்காலத்தில் ஒன்று குறைத்தே அடித்தார்கள். பவுல் ஐந்துமுறை வாங்கியது அந்த முப்பத்தொன்பது அடிதான். பிதாவுக்காகப் பிள்ளையையும் பிள்ளைக்காகப் பிதாவையும் கொல்லக்கூடாது. கைப்பிசகாய்க் கொன்றவன் பழிவாங்குகிறவன் கையில் சாகாமல் நியாயசபைமுன் நிற்கும்வரை ஓடி ஒளிய ஆறு அடைக்கலப்பட்டணங்கள்: கேதேஸ், சீகேம், எபிரோன், யோர்தானுக்கு அப்புறத்தில் பேசேர், ராமோத், கோலான்.

விதிகள் கடைப்பிடிக்கப்பட்டதுபோலத் தோன்றியும் நீதி செத்த ஒரு வழக்கு உண்டு. 1 ராஜாக்கள் 21-ல், நாபோத் தர மறுத்த திராட்சத்தோட்டத்தை ராஜாவாகிய ஆகாபுக்குப் பறித்துக்கொடுக்க, அவன் மனைவி யேசபேல் ஆகாபின் முத்திரை போட்டு யெஸ்ரயேலின் மூப்பருக்குக் கடிதம் எழுதுகிறாள். அவள் சட்டம் தெரிந்தவள். சாட்சி இரண்டு, குற்றச்சாட்டு தேவதூஷணம், சபை கூடியிருக்கிறது, உபவாசம்கூடக் கூறப்பட்டிருக்கிறது, தண்டனை கல்லெறி. காகிதத்தில் ஒரு குறை இல்லை. அந்த மூப்பர்கள் செய்யாமல் விட்டதைப் பார்க்க வேண்டும்: சாட்சிகளை விசாரிக்கவில்லை, நாபோத்தை ஒரு கேள்வி கேட்டதாக இல்லை, கடிதத்தை மறுத்து ஒருவரும் எழும்பவில்லை. உபாகமம் 13:14-ன் 'நன்றாய் விசாரித்து, கேட்டாராய்ந்து' என்ற ஒரு கட்டளையைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. எலியா வந்து ஆகாபைக் கொலைகாரன் என்றே நேருக்கு நேர் குற்றஞ்சாட்டுகிறார். தீர்ப்பு என்று ஊர் பெயர் வைத்ததைக் கர்த்தர் கொலை என்றே அழைத்தார். தேவபயத்தைத் தகுதிகளில் ஒன்றாக எத்திரோ ஏன் வைத்தார் என்பது இங்கே புரிகிறது. ராஜாவின் முத்திரையைவிடப் பெரிய ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவனுக்கு அந்தக் கடிதத்தை மறுக்கத் துணிவு வராது.

யூதாவில் யோசபாத் பட்டணம் பட்டணமாக நியாயாதிபதிகளை வைத்தபோது, நீங்கள் மனுஷனுக்காக அல்ல, கர்த்தருக்காக நியாயம் விசாரிக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினார். எருசலேமில் கர்த்தருக்கடுத்த காரியத்துக்கு அமரியாவையும் ராஜாவுக்கடுத்த காரியத்துக்குச் செபதியாவையும் தனித்தனியே தலைவர்களாக வைத்தார் (2 நாளாகமம் 19).

இனி இரண்டாவது கேள்வி. மத்தேயு 7:1 நீதிமன்றத்தை மூடச் சொல்லும் வசனமாக இருந்தால், ஐந்தாம் வசனம் அங்கே இருக்க முடியாது: முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்க வகைபார்ப்பாய். துரும்பை எடுக்கும் வேலை இருக்கத்தான் செய்கிறது. எடுக்கிறவனின் கண் தெளிவாக வேண்டும். இதே இயேசு யோவான் 7:24-ல், தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்கிறார். ரோமர் 13:4 அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்றே அழைக்கிறது. ஆகவே விசுவாசி நீதிபதியாக இருக்கலாம். அந்த இருக்கையில் இருந்தவர்களைப் புதிய ஏற்பாடு எப்படி அளக்கிறது என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். பவுலிடம் பணம் வரும் என்று எதிர்பார்த்த ரோம தேசாதிபதி பேலிக்ஸ் அவரை அடிக்கடி அழைத்துப் பேசிக்கொண்டே இரண்டு வருஷம் காவலில் வைத்திருந்தான். அவனுக்குப் பின் வந்த பெஸ்து, குற்றஞ்சாட்டப்பட்டவன் சாட்டினவர்களுக்கு முகமுகமாய் நின்று எதிருத்தரவு சொல்ல இடங்கொடாமல் ஒருவனையும் ஒப்புக்கொடுப்பது ரோமர் வழக்கமல்ல என்று சரியாகச் சொன்னான்.

இயேசுவை விசாரித்த பிலாத்து, இவனிடத்தில் ஒரு குற்றமும் காணேன் என்று மூன்று தரம் சொல்லியும் ஒப்புக்கொடுத்தான். அவன் கைகழுவினதை உபாகமம் 21-ஓடு வைத்துப் படியுங்கள். வயலில் பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் சுற்றியுள்ள பட்டணங்களுக்குத் தூரம் அளக்கிறார்கள். கிட்டின பட்டணத்து மூப்பர் கிடாரியின்மேல் கைகளைக் கழுவி, எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்கிறார்கள். தெரியாத கொலைக்கும் பொறுப்பேற்க வந்தவர்கள் கழுவின கை அது. பிலாத்துவோ குற்றமற்றவர் என்று தெரிந்தே, அவரைக் கண்முன் நிறுத்திக்கொண்டு, விடுவிக்கும் அதிகாரமும் கையில் இருக்க, பொறுப்பை உதறக் கழுவினான்.

மூன்றாவது கேள்வி சபை மூப்பர்களைப் பற்றியது. 1 கொரிந்தியர் 6, சகோதரருக்குள் எழும் வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று கேட்கிறது. அங்கே பேசப்படுவது 'அற்ப வழக்குகள்', இந்த ஜீவனுக்கடுத்த காரியங்கள்: கொடுக்கல் வாங்கல், வேலி, பாகப்பிரிவினை, வாக்குத்தவறுதல். கொலை, களவு, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்குப் பட்டயம், அதாவது தண்டிக்கும் அதிகாரம், யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் போக வேண்டும். இந்தியாவில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மூப்பர் குழுவில் பேசி முடிப்பது சட்டத்துக்கும் ரோமர் 13-க்கும் விரோதம்.

சிறிய வழக்கென்றால், இருதரப்பில் ஒருவருக்குச் சொந்தமோ கடன்பட்டவரோ விசாரிக்கும் இடத்தில் உட்காரக்கூடாது. தொலைபேசியில் ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவது, சீபாவின் அப்பத்தைத் தின்றுவிட்டு வருவதற்குச் சமம். இருவரையும் ஒரே நாளில், ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க, பேச விடுங்கள். சாட்சிகளைத் தனித்தனியே கேளுங்கள். சொன்னதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். விசாரிக்குமுன் நிர்ணயம்பண்ணாமலும் பட்சபாதம் இல்லாமலும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது (1 தீமோத்தேயு 5:21) மூப்பர்மேல் வரும் பிராதைப் பற்றின பகுதியில்தான். ஆகவே குற்றஞ்சாட்டப்பட்டவர் போதகரானாலும் முறை மாறாது. தீர்ப்பைச் சொல்லும்போது எந்தச் சாட்சியை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள்.

தேதியையும் முதல்நாளே குறித்துவிடுங்கள். லூக்கா 18-ல் வரும் நியாயாதிபதி, நியாயம் கேட்டு ஓயாமல் வந்த விதவைக்கு எதிராக ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. வெகுநாள் அவனுக்கு மனதில்லாதிருந்தது, அவ்வளவுதான். அதற்கே இயேசு அவனை அநீதியுள்ளவன் என்றார். இரண்டு பேரிடமும் இன்ன நாளில் கேட்போம், இன்ன நாளுக்குள் சொல்வோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பலவீனமானவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து மூப்பர் வீட்டு வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்காது.